பத்தரையால் பெருக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில் பந்தயக் கார் கட்டும் மாணவர் குழுக்களுக்கு,



டிசம்பர் கடைசியில் உங்கள் பட்டறைகள் எந்தக் கோலத்தில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு மூலையில் சஸ்பென்ஷன் கம்பிகள், இன்னொரு மூலையில் பிரிந்து கிடக்கும் ஒயரிங், நடுவே தூக்கமில்லாத பத்துப் பேர். ஜனவரியில் கோவை செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டி. அதற்குள் எஞ்சின் உயிர்பெற வேண்டும். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் இன்ஜெக்டரின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பெட்டியில் '24 பவுண்டு/மணி' என்று அச்சாகியிருக்கிறது. மென்பொருளோ நிமிடத்துக்கு எத்தனை சி.சி. என்று கேட்கிறது. "பத்தரையால பெருக்குடா" என்கிறார் சீனியர், கையிலிருக்கும் ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல். 252 என்று உள்ளே போகிறது. எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு ஓடத் தொடங்குகிறது. கைதட்டல்.

இந்த மடல் அந்த இருவருக்கும்தான்.

பத்தரை தப்பான எண் இல்லை. ஆனால் அதற்குள் ஒருவர் ஏற்கெனவே உங்களுக்காக ஒரு முடிவெடுத்து வைத்திருக்கிறார். பவுண்டு என்பது எடை. 1959 உடன்படிக்கைக்குப் பிறகு அது துல்லியமாக 0.45359237 கிலோ. ஆக, மணிக்கு ஒரு பவுண்டு என்றால் நிமிடத்துக்கு 7.56 கிராம். இதுவரை வெறும் கணக்கு. யாரும் எதையும் ஊகிக்கத் தேவையில்லை. சி.சி. என்பது கொள்ளளவு. கிராமிலிருந்து சி.சி.க்குத் தாவ வேண்டுமானால் அடர்த்தியால் வகுத்தாக வேண்டும். 7.56ஐ 0.72ஆல் வகுத்துப் பாருங்கள், 10.5 வரும். பத்தரையால் பெருக்கும்போதெல்லாம் 'என் பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.72 கிலோ' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுபவர்கள் பெட்ரோலை ஒரு கேலனுக்கு ஆறு பவுண்டு என்று மனக்கணக்காக வைத்திருப்பார்கள். அதை மெட்ரிக்கில் மாற்றினால் 0.719. அதே அடர்த்திதான்.

நம்மூர் பங்க்கில் கிடைக்கும் பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலுக்கு விதித்திருக்கும் வரம்பு, 15 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை. 0.72 என்பது அந்த வரம்பின் அடிமட்டம். நடுவாக 740 என்று எடுத்துக்கொண்டால் பெருக்க வேண்டிய எண் 10.2. மேல் எல்லையான 775 என்றால் 9.76. இன்னொரு பக்கம், இன்ஜெக்டர் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் பொருளைச் சோதிப்பது பெட்ரோலில் அல்ல, என்-ஹெப்டேன் என்ற தூய திரவத்தில். 20 டிகிரியில் அதன் அடர்த்தி 0.684. அதை வைத்துக் கணக்கிட்டால் எண் 11.05 ஆகிவிடும்.

பெட்டியில் இருந்த அதே 24 பவுண்டை இப்போது நான்கு விதமாக மாற்றலாம்: 234, 245, 252, 265. கீழ்க்கோடிக்கும் மேல்கோடிக்கும் 13 சதவீத இடைவெளி. காற்று-எரிபொருள் விகிதத்தைச் சொல்லும் லாம்டாவில் 0.88க்கும் 1க்கும் இடையே உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முழு த்ராட்டிலில் அந்தத் தூரம் எதில் முடியும் என்பதைப் பிஸ்டன் உருகிய குழுக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஹெப்டேனை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? அது ஒரே ஒரு சேர்மம். ஜெர்மனியில் வாங்கினாலும் ஜப்பானில் வாங்கினாலும் அதே அடர்த்தி, அதே பாகுத்தன்மை. பெட்ரோல் அப்படியில்லை, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டுக் குடும்பம். சுத்திகரிப்பு ஆலை மாறினால் மாறும், பருவம் மாறினால் மாறும். ஒரு இன்ஜெக்டரை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் மாறாத ஒரு திரவம் வேண்டும். தயாரிப்பாளர் செய்தது நியாயம். அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பெட்ரோலுக்குப் போட்டுக்கொள்வதில்தான் கோளாறு.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஹெப்டேனில் நிமிடத்துக்கு 265 சி.சி. விடும் இன்ஜெக்டர், 740 அடர்த்திப் பெட்ரோலிலும் 265 சி.சி. விடாது. சரி, கிராமாவது மாறாமல் இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஒரு சிறு துளை வழியே அழுத்தத்தில் பாயும் திரவத்தின் எடை ஓட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும்; கொள்ளளவு ஓட்டம் அதே வர்க்கமூலத்தால் இறங்கும். 0.74ஐ 0.684ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.04. ஆக, 265 சி.சி. 255 ஆகும், 181 கிராம் 188 ஆகும். இரண்டுமே நகர்கின்றன, எதிரெதிர்த் திசையில். இணையத்தில் கிடக்கும் அலகு மாற்றும் கருவிகளில் ஒரு பெட்டியில் எண்ணைப் போட்டால் மறுபெட்டியில் விடை வரும். அவற்றுக்கு இந்த வர்க்கமூலம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவை அலகை மாற்றுகின்றன, திரவத்தை மாற்றுவதில்லை.

அடர்த்தியை எங்கே போய்த் தெரிந்துகொள்வது? பெட்ரோல் போடும் இடத்திலேயே. ஒவ்வொரு பங்க்கிலும் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகையை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. சந்தேகம் இருந்தால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. கேட்டால் 500 மில்லி கண்ணாடி ஜாடி, ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு வெப்பமானி மூன்றும் மேசைக்கு வரும். ஜாடியில் பெட்ரோலை நிரப்பி, ஹைட்ரோமீட்டரை மெதுவாக இறக்கி, சுவரில் ஒட்டாமல் அது தானாக மிதந்து நிற்கும் வரை காத்திருப்பார்கள். தண்டில் 724.5 என்று தெரிகிறது, வெப்பமானி 32 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் அட்டைபோட்ட அட்டவணையை எடுத்து, 32 டிகிரி வரிசையில் விரலை ஓட்டி, 15 டிகிரிக்கான எண்ணைப் படிப்பார்: 740. டேங்கர் லாரியோடு வந்த சலானில் இருக்கும் அடர்த்திக்கும் இதற்கும் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேள்வி எழும். ஓர் எஞ்சினியரிங் கல்லூரி ஆய்வகத்தில் நடக்க வேண்டிய வேலை நெடுஞ்சாலையோரத்தில் தினமும் காலையில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த அட்டவணையை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பாடப் புத்தகம் சொல்லாததைச் சொல்லும்.

அட்டவணை சொல்வது இதைத்தான்: பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் கன மீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ இளைக்கிறது. 15 டிகிரியில் 740 ஆக இருந்தது 40 டிகிரியில் 717. மூன்று சதவீதத்துக்கு மேல் இறக்கம். கோவை ஜனவரிக் காலையில் டியூன் செய்துவிட்டு, மதியம் வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் டேங்கோடு என்டியூரன்ஸ் ஓடுபவர்கள் இதைக் கவனித்தாக வேண்டும். வர்க்கமூலம் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும்: அடர்த்தி 3.1 சதவீதம் இறங்கினால் இன்ஜெக்டர் வழியே போகும் எடை 1.6 சதவீதம்தான் குறையும். ஒரு வேடிக்கையும் உண்டு. 717 அடர்த்தியில் பெருக்க வேண்டிய எண் 10.54. அதாவது, சீனியரின் பத்தரை கொதிக்கும் டேங்கில் தற்செயலாகச் சரியாகிவிடுகிறது!

கரி ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், 1980களில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர். அது கார்புரேட்டர் காலம். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து ஜெட்டை மாற்றினால் முடிந்தது. பவுண்டு, கிராம், சி.சி. எதையும் எதாகவும் மாற்ற வேண்டியதில்லை. இன்ஜெக்டரும் அதைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. கணினியும் வந்த பிறகுதான் ஓட்டத்தை எண்ணாக எழுதித் தர வேண்டிய கட்டாயம் வந்தது.

அந்த எண்ணுக்காக உலகமே பார்க்க ஒரு பரிசு பறிபோன கதை மெல்பர்னில் நடந்தது. 2014இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புதிய 1.6 லிட்டர் டர்போ எஞ்சின்கள் வந்தன. கூடவே ஒரு புதிய விதியும்: எரிபொருளின் எடை ஓட்டம் எந்தக் கணத்திலும் மணிக்கு 100 கிலோவைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 10,500 சுற்றுகளுக்குக் கீழே இந்த வரம்பும் சுருங்கும். சுற்று எண்ணிக்கையை 0.009ஆல் பெருக்கி 5.5ஐக் கூட்டினால் அந்த வேகத்துக்கான வரம்பு கிடைக்கும். 10,500ஐப் போட்டுப் பாருங்கள், சரியாக 100 வரும். ஓட்டத்தை அளப்பதற்கு ஒவ்வொரு காரின் டேங்குக்குள்ளும் ஓர் அல்ட்ராசோனிக் மீட்டர். மீயொலித் துடிப்பு திரவத்தோடு போகும்போது எவ்வளவு நேரம், எதிர்த்து வரும்போது எவ்வளவு நேரம் என்று பார்த்து ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லும் கருவி. வேகத்திலிருந்து கிடைப்பது கொள்ளளவு. அதைக் கிலோவாக்க மறுபடியும் அடர்த்தி வேண்டும், அடர்த்திக்கு வெப்பநிலை வேண்டும்.

மார்ச் 16, ஆஸ்திரேலிய கிராண்ட் ப்ரீ. ரெட் புல் அணிக்கு முதல்முறையாக ஓட்டிய டேனியல் ரிக்கியார்டோ, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் இரண்டாவதாக வந்து மேடையேறினார். அன்று இரவே தகுதிநீக்கம். கார் தொடர்ந்து 100 கிலோ வரம்பைத் தாண்டியது என்பது குற்றச்சாட்டு. அணியின் வாதம் வேறு: வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே மீட்டரின் அளவீடு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது, அதை நம்ப முடியாது, இன்ஜெக்டர்கள் விட்ட எரிபொருளை வைத்துத் தாங்கள் போட்ட கணக்குதான் சரி, அதன்படி வரம்பு மீறவே இல்லை. சனிக்கிழமை வேறு மீட்டரைப் பொருத்திப் பார்த்தார்கள், அதுவும் திருப்தியில்லை, பழையதையே திரும்பப் பொருத்தினார்கள். பந்தயத்தின் நடுவிலேயே போட்டியை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் அதிகாரி எச்சரித்து, திருத்த எண்ணைப் போட்டு ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னார். அணி மறுத்தது. ஏப்ரலில் பாரிஸில் நடந்த மேல்முறையீட்டிலும் தோற்றது.

அந்த வழக்கின் கணக்கைக் கவனியுங்கள். மணிக்கு 1 கிலோ பெட்ரோல் கூடுதலாக எரிந்தால் சுமார் 12 கிலோவாட் வெப்பம். அதில் 40 சதவீதம் வேலையாக மாறினாலும் 6 குதிரைத்திறனுக்கு மேல். நூற்றில் ஒரு பங்கு அளவுப் பிழை ஒரு நேர்ச்சாலையில் முந்துவதா, பின்தங்குவதா என்பதை முடிவுசெய்யும். மீட்டரும் இன்ஜெக்டர் கணக்கும் ஒரே திரவத்தைத்தான் பார்த்தன. வெவ்வேறு கிலோ சொன்னன. நீதிமன்றம் எது அறிவியல்ரீதியாகத் துல்லியம் என்ற தகராறைத் தீர்த்துவைக்கவில்லை. விதிப்படி எந்தக் கருவியின் எண் செல்லும் என்பதை மட்டும் பார்த்தது. டிசைன் நீதிபதிகள் முன்னால் உட்காரப்போகும் நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2020 முதல் ஃபார்முலா ஒன் கார்களில் இரண்டாவது மீட்டரும் கட்டாயமானது.

மணிக்கு 100 கிலோவை உங்கள் மென்பொருள் கேட்கும் விதங்களில் எழுதிப்பார்ப்போம். நொடிக்கு 27.8 கிராம். மணிக்கு 220.5 பவுண்டு. இதுவரை எடைக்கு எடை; உலகம் முழுக்க ஒரே விடை. லிட்டருக்குப் போனால் 740 அடர்த்தியில் மணிக்கு 135. நிமிடத்துக்கு 2,252 சி.சி. கேலனுக்குப் போனால் எந்தக் கேலன் என்ற கேள்வி வரும். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அதே ஓட்டம் அங்கே 35.7, இங்கே 29.7. ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம், ஒரே பெயரில். பழைய எஞ்சின் கையேடுகளில் 'கேலன்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது எந்த நாட்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள்.

விமானக்காரர்கள் இந்தப் பாடத்தை 1983 ஜூலை 23 அன்று படித்தார்கள். ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. அது பெட்ரோல் அல்ல, விமான மண்ணெண்ணெய். ஆனால் கதை அதேதான். டேங்கில் இருந்த 7,682 லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்கியிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள், அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். 13,597 என்று விடை வந்தது. அதைக் கிலோ என்று நம்பினார்கள். 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000கூட நிரப்பவில்லை. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானிகள் ராபர்ட் பியர்சனும் மொரீஸ் குவின்டலும் மானிடோபா மாகாணத்தின் கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப் படைத் தளத்தில் விமானத்தைக் கிளைடர்போல இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அவர்கள் இறங்கிய ஓடுபாதையில் அன்று கார் பந்தய விழா நடந்துகொண்டிருந்தது என்பது உங்களுக்கான கூடுதல் தகவல்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். ஃபார்முலா மாணவர் கார்களுக்கு எஞ்சின் 710 சி.சி. வரை இருக்கலாம்; உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் குறுகிய கழுத்து உங்களுக்கு ஒரு வரப்பிரசாதம். அங்கே காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் ஒரு கிராம்கூட உள்ளே போகாது. கடல் மட்டத்தில் 27 டிகிரியில் அந்த உச்சம் நொடிக்குச் சுமார் 74 கிராம். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் ஐந்து சதவீதம் குறைவு; உச்சமும் 71 கிராமுக்கு இறங்கும். கழுத்தின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

முழு த்ராட்டிலில் 12.5 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்று வைப்போம். 71ஐ 12.5ஆல் வகுத்தால் நொடிக்கு 5.68 கிராம். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 20.4 கிலோ, பவுண்டில் 45. எவ்வளவு பெரிய எஞ்சினைப் பொருத்தினாலும் உங்கள் கார் இதற்கு மேல் குடிக்க முடியாது. ஃபார்முலா ஒன்னின் அந்த 100 கிலோ வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு தூரமும் கிராமிலேயே வந்துவிட்டோம். அடர்த்தி என்ற பேச்சே எழவில்லை. கடைசியாக ஒரே ஒரு முறை, இன்ஜெக்டர் வாங்கக் கடைக்குப் போகும்போது மட்டும், 740ஐக் கொண்டு வகுங்கள்: நிமிடத்துக்கு 460 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஒன்றுக்கு 115. இன்ஜெக்டர் 80 சதவீத நேரம்தான் திறந்திருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தால் 144 சி.சி. இன்ஜெக்டர் போதும். 440 சி.சி. இன்ஜெக்டரைப் போட்டுவிட்டு ஐடிலில் ஏன் எஞ்சின் இருமுகிறது என்று தலையைச் சொறியும் குழுக்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

நம் குழுக்களுக்குப் பிரியமான ஒற்றை சிலிண்டர் கேடிஎம் 390க்கு வழி வேறு. அதன் 373 சி.சி. ரெஸ்ட்ரிக்டரின் உச்சத்தைத் தொடாது. திறனிலிருந்து பின்னோக்கிப் போவதே எளிது. அந்த 373 சி.சி. பைக்கின் விளம்பரத்தில் 43.5 பி.எஸ். என்றிருந்தது. பி.எஸ். என்பது 735.5 வாட், அமெரிக்கப் புத்தகங்களின் ஹெச்.பி. 745.7 வாட். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தொடக்கத்திலேயே 1.4 சதவீதம் போயிற்று. 43.5 பி.எஸ். என்றால் 32 கிலோவாட். ஒரு கிலோவாட்-மணிக்கு 300 கிராம் பெட்ரோல் என்று தாராளமாக வைத்தால் மணிக்கு 9.6 கிலோ, நிமிடத்துக்கு 160 கிராம், அதாவது 216 சி.சி. அமெரிக்க மன்றங்களில் 'அரை பவுண்டு' என்று சொல்லிக்கொள்வார்களே, ஒரு ஹெச்.பி.க்கு மணிக்கு அரை பவுண்டு, அதுவும் கிலோவாட்-மணிக்கு 304 கிராம்தான். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

அழுத்தத்தைச் சொல்லாத ஓட்ட எண்ணுக்கு மதிப்பில்லை. சில தயாரிப்பாளர்கள் 3 பாரில் அளக்கிறார்கள், சிலர் 4 பாரில். இங்கேயும் வர்க்கமூலம்: 3 பாரில் 200 சி.சி. விடுவது 4 பாரில் 231 விடும். 43.5 பி.எஸ்.ஐ. என்று விநோதமான எண்ணைக் கண்டால் பயப்பட வேண்டாம், அது 3 பாரின் மறுபெயர். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் தனிக் கதை; அவை அலகு மாற்றத்தில் சேராது.

இத்தனைக்கும் பிறகு பெட்டியில் அச்சான எண்ணை நம்ப வேண்டிய அவசியம் என்ன? நீங்களே அளக்கலாம். பல குழுக்கள் இன்ஜெக்டருக்கு அடியில் அளவுக் குடுவையை வைத்து, 30 விநாடி திறந்துவிட்டு, கோட்டைப் பார்த்து சி.சி. எழுதுகின்றன. நிமிடத்துக்கு 150 சி.சி. இன்ஜெக்டர் என்றால் குடுவையில் 75 சி.சி. சேரும். ஒரு மில்லி கோடு போட்ட குடுவையில் கண் ஒரு கோடு தவறினால் 1.3 சதவீதம் போச்சு; நுரை, வளைந்த மேற்பரப்பு வேறு. அதையே நகைக்கடையில் இருப்பதுபோன்ற 0.1 கிராம் தராசில் நிறுத்தால் 55.5 கிராம். தராசு ஒரு இலக்கம் தடுமாறினாலும் பிழை 0.2 சதவீதம்தான். அரிசியைப் படியில் தலைதட்டி அளந்த காலம் போய்க் கிலோவில் வாங்குகிறோம்; பெட்ரோலுக்கு மட்டும் ஏன் படி?

நிறுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோலின் ஆவி சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கத் தயாராக இருக்கும். மூடிய பட்டறையில், பேட்டரி இணைப்பில் பொறி பறக்க, திறந்த டம்ளரில் பெட்ரோலைப் பீய்ச்சி விளையாடாதீர்கள். மூடியில் துளையிட்டு இன்ஜெக்டர் மூக்கைப் பொருத்திய பாத்திரம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வேண்டும். பாத்திரம் மூடியிருந்தால் ஆவியாகிப் போகும் எடையும் குறையும்.

நிறுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், எத்தனாலும் இருக்கிறது. இந்தியா முழுக்க இப்போது பங்க்குகளில் வருவது இ20; ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு எத்தனால். எத்தனால் பெட்ரோலைவிடக் கனமானது. 20 டிகிரியில் 0.789. ஆனால் ஒரு கிலோவில் அடங்கிய வெப்பம் 27 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவு; பெட்ரோலில் அது 43ஐ ஒட்டி. கலவையின் கணக்கைப் போட்டால் இ20 கிலோவுக்கு ஏறக்குறைய 8 சதவீதமும் லிட்டருக்கு 7 சதவீதமும் வெப்பம் குறைந்தது. பெட்ரோலுக்கு 14.7 என்று மனப்பாடம் செய்த காற்று விகிதம் இ20க்கு 13.5. அதே காற்றுக்கு 9 சதவீதம் கூடுதல் கிராம் ஊற்ற வேண்டும். சென்ற ஆண்டின் எரிபொருள் மேப்பை அப்படியே ஏற்றிவிட்டு லாம்டா சென்சாரைத் திட்டுவதில் பயனில்லை.

ஃபார்முலா ஒன் இந்தச் சிக்கலுக்கு ஒரு முடிவு கட்டிவிட்டது. புதுப்பிக்கத்தக்க எரிபொருளுக்கு மாறும் 2026 விதிகளில் மணிக்கு 100 கிலோ என்ற வரம்பு இல்லை. மணிக்கு 3,000 மெகாஜூல் என்று ஆற்றல் ஓட்டத்தையே வரம்பாக வைத்துவிட்டார்கள். வழக்கமான பெட்ரோலில் அது மணிக்கு 70 கிலோ அளவுக்கு வரும். எரிபொருள் கம்பெனி கலவையை எப்படி மாற்றினாலும் மீட்டர் சொல்லும் கிலோவை அந்தக் கலவையின் வெப்ப மதிப்பால் பெருக்கித்தான் ஆக வேண்டும். பெருக்க இன்னும் ஓர் எண் கூடிவிட்டது!

உங்கள் பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை. சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் '150' என்று மட்டும் எழுதாமல், 'நிமிடத்துக்கு 111 கிராம், 3 பார், பெட்ரோல் 28 டிகிரி, அடர்த்தி 15 டிகிரியில் 740, இ20' என்று ஒரு வரியாக எழுதுங்கள். ஈ.சி.யூ. மென்பொருளில் எரிபொருள் அடர்த்திக்கென ஒரு கட்டம் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் எண் மென்பொருள் எழுதியவரின் ஊர்ப் பெட்ரோலுக்கானது. போட்டித் திடலில் ஏற்பாட்டாளர்கள் எரிபொருள் தரும் பட்சத்தில், முதல் நாளே போய் அதன் அடர்த்தியையும் எத்தனால் விகிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அந்த ஜூனியரையே அனுப்புங்கள். போகும்போது கையில் ஒரு வெப்பமானியும் கொடுத்து அனுப்புங்கள்.